மனசுல ஓடுறத நோட்டுல எழுதினா நிஜமாவே பாரம் குறையுதா?

கோத்தகிரி மஞ்சு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் முதல் தடவையா எழுதறேன்.

ஐப்பசியில அப்பா தவறிட்டாரு. அதுல இருந்து தூக்கம் சரியில்ல. ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கு முழிப்பு வந்தா விடியற வரைக்கும் ஒரே யோசனைதான். ஆஸ்பத்திரியில காட்டினேன். தைராய்டு, ரத்த அளவு எல்லாம் நார்மல். அங்க இருந்த கவுன்சிலர் மேடம், "மனசுல இருக்கிறத தினமும் கொஞ்சம் எழுதிப் பாருங்க"ன்னாங்க. என்னத்த எழுதணும், எவ்வளவு எழுதணும்னு கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

ஸ்கூல்ல பசங்களுக்குக் கட்டுரை சொல்லித் தர்றவ நான். ஆனா எனக்குன்னு நோட்டைத் திறந்தா கை ஓடல. "இன்னிக்கு மழை. மாமிக்கு முட்டி வலி. மூணாம் கிளாசுக்கு டெஸ்ட்"னு எழுதி மூடி வெச்சுட்டேன். இதுல மனசு எங்க லேசாகும்?

வீட்டுல ரெண்டே ரூம். மாமியார், ரெண்டு பசங்க. வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை, மாசத்துல ரெண்டு தடவை வருவாரு. எழுதினத யாராவது எடுத்துப் படிச்சுட்டா? எழுதணும்னு நெனக்கிறதுல பாதி இந்த வீட்டு ஆளுங்களப் பத்தித்தான். இன்னொண்ணு, நாங்க வீட்டுல பேசறது படுக மொழி. தமிழ்ல எழுதினா வேற யாரோ பேசற மாதிரி இருக்கு. எழுதற பழக்கம் இருக்கறவங்க சொல்லுங்களேன்.

செக்ரோல் தாத்தா

அம்மா மஞ்சு, தந்தையார் மறைவுக்கு என் அனுதாபங்கள்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் செக்ரோல் எழுதி ஓய்வு பெற்றவன். எந்தத் தொழிலாளிக்கு எத்தனை கிலோ கொழுந்து, யாருக்கு அரை நாள், யார் லீவு என்று பகலெல்லாம் எழுதுவேன். காலையில் முதல் வேலை மழைமானியைப் பார்த்து மில்லிமீட்டர் குறிப்பது. உரக்கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் அந்த மழை அளவை எனக்காகவும் ஒருமுறை எழுதி, கீழே ஒரே ஒரு வரி சேர்ப்பேன். "பெரியவன் பேசவில்லை." "துரை காரணமில்லாமல் சத்தம் போட்டார்." அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிய மழையையும் முட்டி வலியையும் லேசாக எண்ண வேண்டாம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பில் கப்பல் வந்தது, சரக்கு விலை, ஊர் வம்பு எல்லாம் வரும். அதற்கு நடுவிலேயே பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் மனைவி மேல் அவருக்கிருந்த மனக்குறையும் வரும். கை முதலில் மழையை எழுதும். பிறகுதான் மற்றதற்கு வரும்.

பேனா விஷயத்தில் ஒரு வார்த்தை. நம் மலையில் மை பேனா வேண்டாம், பனி மூட்டத்தில் காகிதம் நமுத்து எழுத்து ஊறிவிடும். பால்பாயின்ட்தான் சரி. மார்கழி, தை குளிரில் அது எழுத மறுத்தால் ரீஃபிலை உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டு எழுதுங்கள்.

லவ்டேல் வாசி

நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க.

இந்த டைரி எழுதறது இப்ப பெரிய வியாபாரம். தோல் அட்டை போட்ட நோட்டு, ஸ்டிக்கர், "இன்று நான் நன்றி சொல்லும் மூன்று விஷயங்கள்"னு அச்சடிச்ச பக்கம். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வெந்நீர் அடுப்பு மூட்டி, டிபன் கட்டி, பஸ் பிடிச்சு ஸ்கூலுக்கு ஓடற ஒரு பொம்பளைக்கு இது இன்னொரு வீட்டுப்பாடம். பசுந்தேயிலை விலை விழுந்தா மனசு விழத்தான் செய்யும். அதுக்கு எழுதிப் பாருன்னு சொன்னா, விலை ஏறிடுமா?

மனசு சரியில்லாததுக்குக் காரணம் வெளிய இருந்தா வைத்தியமும் வெளியதான் இருக்கணும்.

பூம்பாறை பூண்டுக்காரன்

லவ்டேல் அண்ணே சொல்றதுல பாதி சரி. மீதிப் பாதிய நான் சொல்றேன்.

நமக்கு கொடைக்கானல் மேல்மலை. 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச மலைப்பூண்டுதான் நம்ம வெள்ளாமை. டைரியெல்லாம் கெடையாது, வரவு செலவு நோட்டு ஒண்ணு. வெதப்பூண்டு இவ்வளவு, குப்பை இவ்வளவு, ஆள் கூலி, வடுகபட்டி சந்தையில போன வெலை. அதுல ஓரத்துல, மார்ஜின் இருக்குல்ல, அங்க சும்மா கிறுக்குவேன். "வீட்ல சண்டை." "தல வலி." "சின்னவன அடிச்சுட்டேன்."

ஒரு மழ நாள் வேல இல்லாம பழைய நோட்டப் புரட்டிக்கிட்டு இருந்தேன். பாத்தா, ஓரத்துல சண்டைன்னு எழுதின வாரமெல்லாம் இந்தப் பக்கம் சொசைட்டிக் கடன் தவணை கட்டின வாரம். ஒண்ணு ரெண்டு தடவ இல்ல, வரிசையா. நான் இத்தன வருசமா அவ வாய்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவகிட்ட நோட்டக் காட்டினேன். "இதக் கண்டுபிடிக்க நோட்டு வேணுமாக்கும், என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்"ன்னுட்டா.

இப்ப தவணைக்கு மொத வாரமே ரெண்டு பேரும் ஒக்காந்து பணத்தப் பேசிருவோம். பூண்டு வெல ஏறலண்ணே. ஆனா வீட்டுல சத்தம் கொறஞ்சிருக்கு.

எங்க ஊர்ல சூரியனையே தெனம் படம் புடிச்சுக் குறிச்சு வக்கிறாக, தெரியும்ல? வானாய்வு நெலையத்துல 1904ல இருந்து. மேகம் மூடுன நாள்ல படம் இல்ல. அதுக்காக மறுநாள் விட்டுறல. அது மாதிரி விட்டு விட்டு எழுதினாலும் குத்தமில்ல தங்கச்சி.

நைட் டூட்டி

மஞ்சு, நான் மனநலப் பிரிவுல நர்ஸ். ஊட்டிப் பக்கம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம்.

"எழுதிப் பாருங்க"ன்னு சொல்லிட்டு எப்படின்னு சொல்லாம அனுப்பறது எங்க ஆளுங்ககிட்ட இருக்கிற வியாதி. அத நான் சொல்றேன்.

இது எங்க இருந்து வந்துச்சுன்னா, 1986ல அமெரிக்காவுல ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. தினம் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள், வாழ்க்கையில நடந்த ரொம்பக் கஷ்டமான ஒரு விஷயத்தை எழுதணும். சிலர் நடந்தத மட்டும் எழுதினாங்க, சிலர் உணர்ச்சிய மட்டும் கொட்டினாங்க, சிலர் ரெண்டையும் சேத்து எழுதினாங்க. ரெண்டையும் சேத்து எழுதினவங்கதான் அடுத்து வந்த மாசங்கள்ல காலேஜ் டாக்டர்கிட்ட போறது குறைஞ்சவங்க. 1999ல ஜோஷுவா ஸ்மித்ங்கறவர் இதையே ஆஸ்துமா, முடக்குவாத நோயாளிகளுக்கு 3 நாள், 20 நிமிஷம்னு வெச்சுப் பாத்தாரு. நாலு மாசம் கழிச்சு அவங்களுக்கும் முன்னேற்றம் தெரிஞ்சுது.

யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. எழுதி முடிச்ச உடனே, உணர்ச்சியச் சேத்து எழுதின பசங்க முன்னைவிட மோசமாத்தான் உணர்ந்தாங்க. அழுகை, படபடப்பு. அது தெரியாம ஆரம்பிக்கறவங்க முதல் நாளே பயந்து விட்டுடறாங்க.

அப்புறம், இது மந்திரமும் இல்ல. 2006ல 146 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தப்ப பலன் இருக்கு, ஆனா சின்னதுதான்னு வந்துச்சு. குறிப்பா மரணத் துக்கத்துக்குன்னு எடுத்துக்கிட்டா, 2002ல நெதர்லாந்துல பண்ண ஆய்வுல எழுதினவங்களுக்கும் எழுதாதவங்களுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. துக்கம் அதோட வேகத்துலதான் ஆறுது.

அதனால உங்ககிட்ட ஒரு கேள்வி. மூணு மணிக்கு முழிச்சா ஓடறது அப்பா நினைப்பா? இல்ல வேற ஏதாவதா? இங்க சொல்லணும்னு இல்ல.

கூடலூர் பேத்தி

நைட் டூட்டி அக்கா, ஒரு சந்தேகம். எழுதப் படிக்கத் தெரியாதவங்க என்ன பண்றது?

எங்க பாட்டி, தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்தவங்க. அரசு தேயிலைத் தோட்டத்துல வேலை. பாட்டிக்கு கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஹட்டன்ல இருக்கிற தங்கச்சிக்கு லெட்டர் போடணும்னா என்னை உக்கார வெச்சு சொல்லச் சொல்ல எழுதுவேன். சொல்றப்பவே பாதி விஷயத்துல நிறுத்திட்டு, "இத எழுதாதே, சும்மா சொன்னேன்"னு சொல்லும். எழுதாத விஷயம்தான் ஜாஸ்தி. லெட்டர் ஒட்டின அன்னிக்கு பாட்டி நல்லா சாப்பிடும், நான் கவனிச்சிருக்கேன்.

நைட் டூட்டி

கூடலூர், பாட்டி பண்ணது சரியான வழி. 2006ல லியுபோமிர்ஸ்கின்னு ஒரு பேராசிரியர் குழு இதத்தான் பாத்துச்சு. கெட்ட அனுபவத்தை எழுதினவங்களுக்கும் டேப் ரெக்கார்டர்ல பேசினவங்களுக்கும் நல்லது நடந்துச்சு. மனசுக்குள்ளயே வெச்சு யோசிச்சவங்களுக்கு நடக்கல. வார்த்தையா வெளிய வந்தா அதுக்கு ஒரு ஆரம்பம், முடிவு வரும். மண்டைக்குள்ள ஓடறதுக்கு அது இல்ல. போன்ல வாய்ஸ் ரெக்கார்டர்ல பேசி அழிச்சாலும் போதும்.

அதே ஆய்வுல இன்னொண்ணு. சந்தோஷமான விஷயத்தை எழுதி அலசினவங்களுக்கு அது நல்லது பண்ணல, சும்மா நினைச்சுப் பாத்தவங்கதான் நல்லா இருந்தாங்க. அதனால புள்ளை பிறந்த நாளை எல்லாம் நோட்டுல பிரிச்சு மேயாதீங்க.

கோத்தகிரி மஞ்சு

அக்கா, நீங்க கேட்ட கேள்விய நேத்து ராத்திரி முழிச்சப்ப கவனிச்சேன். அப்பா இல்ல.

சொல்லிடறேன். அப்பா பேர்ல ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கு. காரியம் முடிஞ்ச கையோட அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரத்துல, அதாவது எனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதித் தர்றதுல, கையெழுத்து கேட்டாரு. "உனக்குத்தான் நல்ல இடத்துல கட்டிக் குடுத்தாச்சே"ன்னாரு. அம்மா ஒண்ணும் பேசல. நான் அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுல இருந்து அண்ணன் போன் இல்ல. மூணு மணிக்கு நான் அண்ணன்கிட்ட பேசிட்டு இருக்கேன். மனசுக்குள்ளதான். அவரு ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல. தினமும் அதே டயலாக்.

நிலம் முக்கியம் இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். ஆனா முக்கியம் இல்லன்னா ஏன் தூக்கம் வரலன்னு தெரியல.

லவ்டேல் வாசி

பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. இது நோட்டு விஷயமே இல்லைங்க.

முதல்ல எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. அப்பா உயில் எழுதலன்னா அவர் சொத்துல அம்மா, அண்ணன், நீங்க மூணு பேருக்கும் சமப் பங்கு. பூர்வீகச் சொத்துன்னாலும் பொண்ணுக்குப் பங்கு இருக்கு. தமிழ்நாட்டுல 1989லயே சட்டத் திருத்தம் வந்துடுச்சு, 2005ல மத்திய அரசும் கொண்டு வந்தாங்க. தாலுகா ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போடுங்க. வக்கீலுக்குக் காசு இல்லன்னு யோசிக்காதீங்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பொம்பளைங்களுக்கு வருமான வரம்பு இல்லாம இலவச உதவி உண்டு. போன் நம்பர் 15100.

செக்ரோல் தாத்தா

தம்பி சொல்வது சட்டப்படி சரி. ஆனால் அண்ணன் தங்கை விஷயத்தில் முதல் வார்த்தையே வக்கீலாக இருக்க வேண்டாம். உங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) பெரியவர்கள் இருப்பார்கள். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எல்லாரும் ஊருக்கு வரத்தான் போகிறார்கள்.

கூடலூர் பேத்தி

தாத்தா, பெரியவங்க எல்லாம் அண்ணன் பக்கம்தான் பேசுவாங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான். சும்மா சொல்றேன்.

நைட் டூட்டி

நிலத்துக்கு லவ்டேல் சொல்றதக் கேளுங்க மஞ்சு. தூக்கத்துக்கு நான் சொல்றேன். ரெண்டும் தனித்தனி வேலை, ஆனா ரெண்டாவதைப் பண்ணா முதலாவதைப் பண்றதுக்குத் தெம்பு வரும்.

"தினமும் அதே டயலாக்"னு எழுதினீங்களே, அதுதான் விஷயம். எழுதறேன்னு உக்காந்து அந்த டயலாக்கையே தினமும் நோட்டுல இறக்கினா அது இன்னும் ஆழமாப் போகும். 2013ல டேவிட் ஸ்பாரான்னு ஒருத்தர், கணவன் மனைவி பிரிஞ்சவங்கள வெச்சு ஆய்வு பண்ணாரு. ஏன் இப்படி ஆச்சுன்னு ஏற்கெனவே ஓயாம அலசிட்டு இருந்தவங்க உணர்ச்சியக் கொட்டி எழுதினப்ப, சும்மா அன்றாட விஷயத்தை மட்டும் எழுதினவங்கள விட மோசமா இருந்தாங்க. நான் வார்டுல பாத்தும் இருக்கேன். ஒரு அம்மா கட்டுக் கட்டா நோட்டு எடுத்துட்டு வந்தாங்க. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நாத்தனார்தான். தேதி மட்டும்தான் வேற.

அதனால இப்படிப் பண்ணுங்க.

ராத்திரி எழுதாதீங்க. சாயங்காலம், பசங்க விளையாடப் போற நேரம். போன்ல 15 நிமிஷம் அலாரம் வைங்க. எழுத்துப் பிழை, இலக்கணம் எதையும் பாக்காதீங்க (டீச்சருக்கு இதுதான் கஷ்டம்). முதல் நாள் கையெழுத்து கேட்ட அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. யார் எங்க உக்காந்திருந்தாங்க, டீ குடிச்சீங்களா, பத்திரம் எந்தக் கவர்ல இருந்துச்சு, அந்த நிமிஷம் உங்க வயித்துல என்ன பண்ணுச்சு. ரெண்டாம் நாள் அதே சம்பவம், ஆனா அது உங்களுக்கு ஏன் இப்படி வலிக்குது, இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வலிச்சிருக்கான்னு. மூணாம் நாள் "நான்"னு எழுதாம "மஞ்சு"ன்னு எழுதுங்க. மஞ்சு ஏன் பேசாம வந்தா, அவளுக்கு என்ன பயம்னு. ஈதன் கிராஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், நம்மள நாமளே பேர் சொல்லி யோசிச்சா சூடு குறையுதுன்னு காட்டியிருக்காரு. நாலாம் நாள் அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியத எழுதுங்க, அனுப்ப வேண்டாம்.

அப்புறம் நோட்டை மூடிடுங்க. நாலு நாள்தான். வாழ்நாள் முழுக்க இல்ல.

பலன் கிடைச்சவங்க எழுத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தப்ப ஒண்ணு தெரிஞ்சுது. முதல் நாள்ல இருந்து கடைசி நாளுக்குள்ள "ஏன்னா", "இப்பத்தான் புரியுது" மாதிரி வார்த்தைகள் அவங்களுக்குக் கூடிட்டே போச்சு. ரெண்டாம் நாள் எழுதினதும் முதல் நாள் எழுதினதும் ஒரே மாதிரி இருந்தா அன்னிக்கே நிறுத்திடுங்க, எனக்கு இங்க எழுதுங்க. எழுதறப்ப தாங்கவே முடியாத மாதிரி இருந்தாலும் நிறுத்திடுங்க. பென்னிபேக்கரே சொல்ற விதி இது.

பூம்பாறை பூண்டுக்காரன்

நர்ஸம்மா, இம்புட்டு வெவரமா எங்க ஊரு டாக்டரு கூட சொல்ல மாட்டாரு.

படிச்சுட்டா என்ன பண்றதுன்னு தங்கச்சி கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல.

நைட் டூட்டி

ஆமா, அத விட்டுட்டேன். எழுதினத வெச்சிருக்கணும்னு அவசியமே இல்லைங்க. பலன் எழுதறதுல இருக்கு, பேப்பர்ல இல்ல. தனித்தாள்ல எழுதி, திரும்பிப் படிக்காம, வெந்நீர் அடுப்புல போட்டுடுங்க.

மொழிக்கு ஒரே பதில், அண்ணன்கிட்ட எந்த மொழியில சண்டை போடுவீங்களோ அதுல. படுக மொழிய தமிழ் எழுத்துல எழுதுங்க. யாரும் திருத்தப் போறதில்ல.

கூடலூர் பேத்தி

அடுப்புல போடறது சூப்பர். ஆனா அடுத்த நாள் எழுதறப்ப முந்தின நாள் எழுதினது மாதிரியே இருக்கான்னு எப்படிப் பாக்கறது அக்கா?

நைட் டூட்டி

நல்லா மாட்டி விட்டீங்க. நாலு நாள் தாளையும் ஸ்கூல்ல பூட்டற டிராயர் இருந்தா அதுல வெச்சுட்டு, கடைசியா சேத்து எரிக்கலாம்.

செக்ரோல் தாத்தா

வீட்டில் வைப்பதென்றால் பிஸ்கட் டின்னில் போட்டு அரிசி டிரம்முக்குள் வையுங்கள். நமுக்காது. ஒளித்து வைத்த மாதிரியும் தெரியாது. என் மனைவி இதைப் படித்தால் எனக்கு வேறு டிரம் தேட வேண்டி வரும்.

லவ்டேல் வாசி

தாத்தா 😄

நர்ஸ் மேடத்துக்கு ஒரு கேள்வி, வம்புக்கு இல்ல. நன்றி டைரின்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு? எங்க ஆபீஸ்ல ஆன்லைன் மீட்டிங்ல தினமும் காலையில ஆளுக்கு மூணு நன்றி சொல்லணும். மூணாவது நன்றி எல்லாருக்குமே காபிதான்.

நைட் டூட்டி

2003ல எம்மன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு பேர் பண்ணது பிரபலம். அதுல ஒரு குழு வாரத்துக்கு ஒரு தடவைன்னு 10 வாரம் எழுதினாங்க, எரிச்சலூட்டற விஷயங்களை எழுதின குழுவ விட அவங்க தெம்பா இருந்தாங்க. மத்தவங்க முன்னாடி சொல்லணும்னு கட்டாயப்படுத்தினா அது அட்டெண்டன்ஸ்தான். காபிக்கு நன்றி சொல்லிட்டு வேலையப் பாருங்க.

அப்பா போன துக்கத்துல இருக்கறவங்ககிட்ட "நன்றி சொல்லு"ன்னு யாரும் சொல்லாதீங்க, தயவுசெஞ்சு. அதுல எனக்குக் கோவமே வரும்.

ராத்திரிக்கு வேற ஒண்ணு இருக்கு, நாலு நாள் முடிஞ்சாலும் தொடரலாம். 2018ல ஸ்கல்லின்னு ஒருத்தர் 57 இளைஞர்கள ஆய்வுக்கூடத்துல தூங்க வெச்சுப் பாத்தாரு. படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம், நாளைக்கும் அடுத்த சில நாளும் செய்ய வேண்டிய வேலையெல்லாம் பட்டியல் போட்டவங்க, முடிச்ச வேலைய எழுதினவங்கள விட சீக்கிரம் தூங்கினாங்க. பட்டியல் எவ்வளவு விவரமா இருந்துச்சோ அவ்வளவு சீக்கிரம். "தாலுகா ஆபீஸ்"னு எழுதாதீங்க. "வியாழக்கிழமை ரெண்டாவது பீரியட் முடிச்சு தாலுகா ஆபீஸ், அப்பா இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போகணும்"னு எழுதுங்க.

மட்டுறுத்துநர்

இழை நல்லாப் போகுது. படிக்கறவங்க கவனத்துக்கு ஒண்ணு: தூக்கமின்மை வாரக்கணக்குல நீடிச்சா, சாப்பாடு இறங்கலன்னா, உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்ங்கற நினைப்பு வந்தா, அது நோட்டுல தீர்க்கற விஷயம் இல்ல. டெலி மானஸ் 14416க்குப் போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். தமிழ்நாடு அரசோட 104லயும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகள்ல மனநல டாக்டர் இருக்காங்க.

கோத்தகிரி மஞ்சு

எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் லேட்டா வர்றேன், ஸ்கூல்ல அரையாண்டுப் பரீட்சை.

எழுதினேன். முதல் நாள் அழுகை அழுகையா வந்துச்சு, அக்கா முன்னாடியே சொல்லி வெச்சதால பயப்படல. எழுதறப்பதான் ஞாபகம் வந்துச்சு, அந்தப் பத்திரம் இருந்த கவர் அப்பாவோட ஃபேக்டரி லீஃப் பில்லெல்லாம் போட்டு வெக்கிற பழைய மஞ்சக் கவர். பில்லையெல்லாம் எடுத்துட்டு அதுல பத்திரத்த வெச்சிருக்காங்க. அத எழுதினதும்தான் எனக்கு எது வலிச்சுதுன்னு தெரிஞ்சுது. நிலத்துல பங்கு கேக்கறதா வேண்டாமாங்கறது ரெண்டாவது. எங்கிட்ட கேக்காமலே பத்திரம் ரெடியா இருந்துச்சு, அப்பா கவர்லயே.

பேர் சொல்லி எழுதறது மூணாம் நாள் சுத்தமா வரல. "மஞ்சு"ன்னு எழுதினா ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு எழுதற மாதிரி இருந்துச்சு, பாதியில விட்டுட்டேன். நாலாம் நாள் அண்ணனுக்கு எழுதினது நல்லா வந்துச்சு. அதுல ஒரு வரிய மட்டும் ஞாயித்துக்கிழமை போன்லயே சொல்லிட்டேன். "என்கிட்ட முதல்ல கேட்டிருக்கலாம்ல"ன்னு. அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "நீ வா, பேசலாம்"னாரு. என்ன பேசப் போறாருன்னு தெரியாது. கையெழுத்துப் போட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன், வாரிசுச் சான்றிதழுக்கும் எழுதிப் போட்டாச்சு (நன்றி லவ்டேல் அண்ணா).

தூக்கம் முழுசா சரியாகல. முழிப்பு வருது, ஆனா அந்த டயலாக் ஓடறது குறைஞ்சிருக்கு. பட்டியல் வேலை செய்யுது. மாமி அத எடுத்துப் பாத்துட்டு "எனக்கு முட்டி வலித் தைலம் வாங்கறதையும் அதுல எழுது"ன்னாங்க.

லவ்டேல் வாசி

வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லார் பேரும் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க. எழுத்துப் பிழை இருந்தா அப்பவே சொல்லித் திருத்தணும், பின்னாடி பட்டா மாத்தறப்ப இழுக்கும்.

நோட்டு விஷயத்துல என் கருத்து மாறல. ஆனா அந்த மஞ்சக் கவர் வக்கீல் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதுங்கறத ஒத்துக்கறேன்.

பூம்பாறை பூண்டுக்காரன்

தங்கச்சி, தைலத்த மொத வரியில எழுது. குடும்பம் நல்லா இருக்கும்.

வெலிங்டன் அம்மா

இழைய இப்பத்தான் படிச்சு முடிச்சேன். எனக்கு வேற பிரச்சினை. என் பையன் பதினொண்ணாவது. பெட்ஷீட் மாத்தறப்ப மெத்தைக்கு அடியில ஒரு நோட்டு இருந்துச்சு. மேல பூட்டுப் படம் போட்டு "தொடாதே"ன்னு எழுதியிருக்கான். நான் தொறக்கல. ரெண்டு மாசமா சரியா பேசறதில்ல, ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. படிக்கலாமா, வேண்டாமா?

கூடலூர் பேத்தி

வேண்டாம் ஆன்ட்டி! எங்கம்மா என்னோடத படிச்சாங்க. அதுக்கப்புறம் நான் எதுவுமே எழுதல.

செக்ரோல் தாத்தா

எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வையுங்கள். பெட்ஷீட்டை இனி அவனே மாற்றட்டும்.

நைட் டூட்டி

தொறக்காதீங்க. அவன் எழுதறான்ங்கறதே நல்ல விஷயம். ஆனா ரெண்டு மாசமா பேசறதில்லங்கறது எனக்கு நோட்டை விடப் பெருசாப் படுது. சாப்பாடு, தூக்கம், ஸ்கூல் எப்படி இருக்கு? தன்னைத் தானே காயப்படுத்திக்கிற மாதிரி ஏதாவது தெரிஞ்சா நோட்டைப் பத்திப் பேசாம அவன்கிட்ட நேரடியாவே கேளுங்க, "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாப்பா"ன்னு. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்ங்கறது தப்பு நம்பிக்கை. கேக்கத் தயக்கமா இருந்தா முதல்ல நீங்க 14416ல பேசுங்க, பெத்தவங்களும் பேசலாம்.

மட்டுறுத்துநர்

வெலிங்டன் அம்மா, உங்க கேள்விய "பிள்ளை வளர்ப்பு" பகுதிக்கு மாத்தித் தனி இழையா திறந்திருக்கேன். நைட் டூட்டி, உங்க பதிலையும் அங்க ஒட்டியாச்சு. மேற்கொண்டு அங்க தொடருங்க. மஞ்சு, உங்க இழைய மூடல, வாரிசுச் சான்றிதழ் வந்தா இங்கயே எழுதுங்க.